பாதிப் பார்சல்

வந்த முதல் வாரம்
எதைப் பார்த்தாலும் மூன்றரையால் வகுத்தேன்.
கொத்து ரொட்டி தொள்ளாயிரம் என்றால்
நெஞ்சை அடைக்கும்.
வகுத்தால் இருநூற்றைம்பத்தேழு,
கொஞ்சம் மூச்சு வரும்.
(அந்தக் காசுக்குத் தூத்துக்குடியில்
மூன்று பேர் புரோட்டா தின்று கைகழுவலாம்,
அது வேறு கதை.)
உதவித்தொகை இந்த ஊர் ரூபாயில்தான் வரும்,
அதுவும் வரும்போதுதான் வரும்
என்று தெரிந்த பிறகு
வகுத்தலை விட்டேன்.
கழித்தல் மட்டும்.

வெள்ளவத்தையில் எங்கள் அறைக்குக் கடல் தெரியும்,
ஜன்னலில் இடுப்புவரை எட்டிப் பார்த்தால்.
வாடகையில் அந்த எட்டிப் பார்த்தலும் சேர்த்தி.
அடுப்புக் கூடாது, ரைஸ் குக்கர் கூடாது,
கேத்தல் பரவாயில்லை என்றார்
வீட்டுக்காரர் குலவீரசிங்கம்.
கேத்தலில் முட்டை அவித்தோம்.
நூடுல்ஸ் அவித்தோம்.
ஒரு ஞாயிறு மைசூர்ப் பருப்புப் போட்டு,
அது மூக்கு வழியாகப் பொங்கி,
பிளக்கில் நீலமாய் ஒரு பொறி.
அன்றிலிருந்து எங்கள் பிளேன்டீயில்
எப்போதும் லேசாக
யாரோ முட்டை தின்ற வாசம்.

யும்னா மாலேக்காரி.
அவளுக்குத் தமிழ் வராது, எனக்குத் திவேஹி வராது,
சிங்களம் இருவருக்கும்
விலை கேட்கிற அளவுக்கு.
அவள் பெட்டியில் ஒரு போத்தல் ரிஹாகுரு:
கறுப்பாய், வற்றக் காய்ச்சிய மீன்சாறு.
மூடியைத் திறந்தால்
துறைமுகம் அறைக்குள் வந்து உட்காரும்.
துறைமுகத்து ஊரில் பிறந்த நானே
முதல் நாள் மூக்கைப் பொத்தினேன்.
நாலாம் வாரம்
பாணில் தடவியது போக விரலையும் நக்கினேன்.

இஸ்மத் நானா கடையில் பகல் பார்சல் நானூறு.
இரண்டரை தாண்டினால் முந்நூறு.
மூன்றுக்குப் பிறகு அவர் விலை சொல்வதில்லை,
முகத்தைப் பார்ப்பார்.
அந்தப் பார்வைக்குப் பயந்து
இரண்டு நாற்பதுக்கே போய்விடுவோம்.

பார்சலை விரித்து
கரண்டி விளிம்பால் சோற்றின் நடுவே கோடு.
பருப்பு எல்லை மீறும், அதைத் தடுக்க முடியாது.
கோடு போடுகிறவள்
இரண்டாவதாகத்தான் எடுக்க வேண்டும்.
எங்கள் அறையில் இருந்த ஒரே சட்டம் அது.
நான் கோடு போட்ட நாட்களில்
மீன்துண்டு மில்லிமீட்டர் பிசகாமல் பிளந்தது.

பிறகு வெசாக்.
காகிதக் கூடுகளுக்குள் விளக்கு எரிய
ஊர் முழுக்கத் தன்சல்.
பையன்கள் கொடி பிடித்து
பஸ்ஸையே மறித்துச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.
முக்காட்டோடு அவள், பொட்டோடு நான்.
யார் நீங்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை,
தட்டை மட்டும் நீட்டச் சொன்னார்கள்.
சோறு. கடலை. அவித்த மரவள்ளி. மறுபடியும் சோறு.
தவ டிக்கக் என்றேன்,
இன்னும் கொஞ்சம்.
விலைக்கு வெளியே நான் பேசிய முதல் சிங்களம்.
அகப்பை யோசிக்காமல் இறங்கியது.

ஐந்தாவது வரிசையில்
முதுகுக்குப் பின்னால் தெரிந்த குரல்.
திரும்பினால் குலவீரசிங்கம், மனைவி, மகள்,
மூவர் கையிலும் தட்டு.
யாருக்கு யார் வெட்கப்படுவது?
அவர்தான் முதலில் சுதாரித்தார்:
“அடுத்த சந்தியில ஐஸ்கிரீம் குடுக்கினம்,
முடியப் போகுது, ஓடுங்கோ.”
ஓடினோம்.
மறுநாளும் ரைஸ் குக்கர் கூடாதுதான்.

ஜூலையில் நாலு மாத நிலுவை
ஒரேயடியாய் வந்து விழுந்தது.
காலி வீதியில் கண்ணாடிக் கதவுக் கடைக்குப் போனோம்.
விலைப்பட்டியலின் வலது பக்கத்தைக்
கையால் மறைத்துக்கொண்டு படித்தோம்.
நண்டுக் குழம்பு, சோறு.
ஆளுக்கொரு தட்டு.

பரிமாறியவர் நகர்ந்த பிறகு
குனிந்து பார்த்தால்,
அவள் தட்டில் நடுவே ஒரு கோடு.
என் தட்டிலும்.
யார் முதலில் எடுப்பது என்று தெரியாமல்
நண்டு ஆறிக்கொண்டிருந்தது.